பைத்தான் சாக்கெட்டுக்கு ஒரே கெடு வேண்டும்: சிபைத்தான் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சிபைத்தான் மூல உருவாக்குநர்களுக்கும் பைத்தான் வழிநடத்தும் குழுவுக்கும்,

வணக்கம்.

பைத்தானின் முதன்மைச் செயலாக்கமான சிபைத்தானின் நிலையான நூலகத்தில் உள்ள சாக்கெட் மாட்யூலைப் பற்றி எழுதுகிறோம். சாக்கெட் என்பது இரண்டு நிரல்கள் வலைப்பின்னல் வழியே பேசிக்கொள்ளும் முனை. வலைத்தளம், மின்னஞ்சல், கோப்புப் பரிமாற்றம் ஆகியவற்றுக்கான யுஆர்எல்லிப், எச்டிடிபி கிளையண்ட், எஸ்எம்டிபிலிப், எஃப்டிபிலிப், ஐமேப்லிப் எல்லாம் இதன் மேல்தான் நிற்கின்றன. பிப் மூலம் நிறுவிக்கொள்ளும் தரவுத்தள டிரைவர்கள் பலவும் அப்படியே. அடியில் ஒரு குறை இருந்தால் மேலே உள்ள அத்தனை அடுக்கிலும் அது தலைகாட்டும். இந்த மடலில் பல கோரிக்கைகள் இருந்தாலும் எல்லாம் ஒன்றையே சுற்றி வருகின்றன. ஒரு வலைப்பின்னல் வேலைக்கு மொத்தம் எவ்வளவு நேரம் தரலாம் என்பதை நிரல் எழுதுபவர் ஒரே ஒரு முறை சொன்னால் போதும், மாட்யூல் அதைக் கடைசிவரை காப்பாற்ற வேண்டும். இன்று அதற்கு வழியில்லை.

10 நொடிக்கு மேல் காத்திராதே என்று சொல்ல, செட்டைம்அவுட்(10) என்று ஒரு வரி எழுதுகிறோம். அந்த 10 நொடி எதற்கு? தரவைப் பெறும் ரிசீவ்() என்றால் ஒவ்வோர் அழைப்புக்கும் தனித்தனியாக 10. தரவை முழுதாக அனுப்பும் சென்ட்ஆல்() என்றால் பைத்தான் 3.5 பதிப்பிலிருந்து மொத்தத் தரவும் போய்ச்சேர 10. அதே 3.5-இல் வந்த சென்ட்ஃபைல்(), கோப்பை ஓஎஸ் வழியாக அனுப்பும்போது, ஒவ்வொரு காத்திருப்புக்கும் 10 தருகிறது. மறைகுறியாக்கும் டிஎல்எஸ் சாக்கெட்டில் ஹேண்ட்ஷேக், அதாவது தொடக்க உடன்பாடு, முழுமைக்கும் 10. இணைப்பை ஏற்படுத்தும் கிரியேட்_கனெக்ஷன்()-க்கு 10 கொடுத்தால் அது ஒவ்வொரு முகவரிக்கும் 10. ஒரே எண், ஐந்து பொருள். ஆவணத்தில் இவை ஆங்காங்கே எழுதப்பட்டிருக்கின்றன என்பது உண்மைதான். ஆனால் ஐந்தையும் சேர்த்துப் படித்து மனத்தில் வைத்துக்கொண்டு யாரும் நிரல் எழுதுவதில்லை.

விளைவு இரண்டு பக்கமும் தவறாக முடிகிறது. 100 மெகாபைட்டை நொடிக்கு 2.5 மெகாபைட் வேகமுள்ள இணைப்பில் சென்ட்ஆல்() வழியே அனுப்பினால் 40 நொடி ஆகும். தரவு தடையில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும்போதே பத்தாவது நொடியில் டைம்அவுட் விழும். அதே சாக்கெட்டில் பெறும் பக்கத்தைப் பாருங்கள். எதிர்முனை 9 நொடிக்கு ஒரு பைட் என்று சொட்டுச் சொட்டாக அனுப்பினால் டைம்அவுட் ஒருபோதும் விழாது. 4 பைட் தலைப்பைப் படிக்கவே 36 நொடி. 1024 பைட் செய்தி ஒன்று முழுதாக வர 9216 நொடி, அதாவது இரண்டரை மணி நேரத்துக்கும் மேல். அத்தனை நேரமும் 10 நொடி டைம்அவுட் போட்டுப் பாதுகாப்பாக இருப்பதாகத்தான் நிரல் எழுதியவர் நினைத்துக்கொண்டிருப்பார். 2009-இல் வெளிவந்த ஸ்லோலோரிஸ் தாக்குதல் இந்த ஓட்டையைத்தான் வெப் சர்வர்களில் பயன்படுத்தியது. யுஆர்எல்ஓப்பன்()-க்கு டைம்அவுட் கொடுத்துவிட்டு அதன் பதிலை ரீட்() செய்யும் எந்தச் சிறு ஸ்கிரிப்டும் இன்றுவரை இதற்கு ஆளாகக்கூடியதே.

இணைப்பு ஏற்படுத்தும் கட்டத்தையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு தளத்தின் பெயருக்குப் புதிய வகையான ஐபிவி6 இரண்டு, பழைய வகையான ஐபிவி4 இரண்டு என நான்கு இணைய முகவரிகள். பெயரை முகவரியாக்கித் தரும் டிஎன்எஸ் சர்வர்கள் இரண்டு ரிசால்வ்.கான்ஃப் கோப்பில் இருக்கின்றன. முதலாவது செத்துக் கிடக்கிறது. லினக்ஸின் சி நூலகமான ஜிலிப்சி தன் இயல்பு அமைப்பில் அதற்காக 5 நொடி காத்திருந்துவிட்டுத்தான் இரண்டாவதிடம் கேட்கும். இந்த 5 நொடி நாம் கொடுத்த டைம்அவுட்டில் சேர்வதே இல்லை. பெயரைத் தேடும் கெட்அட்ரஸ்இன்ஃபோ() ஒரு சி நூலக அழைப்பு. அதற்கு டைம்அவுட் என்றால் என்னவென்றே தெரியாது. பிறகு நான்கு முகவரிகளையும் கிரியேட்_கனெக்ஷன்() ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டுகிறது. நான்கும் பதில் தராவிட்டால் 40 நொடி. ஆக, 10 என்று எழுதியது 45 ஆகிறது. டைம்அவுட்டே கொடுக்காமல் விட்டால் நிலைமை இன்னும் மோசம். லினக்ஸில் இணைப்புக் கோரிக்கையை மறுபடி அனுப்பும் எண்ணிக்கையான டிசிபி_சின்_ரீட்ரைஸ் இயல்பாக 6. ஒரு முகவரிக்கே சுமார் 127 நொடி.

இவற்றில் மிக அடிக்கடி நடப்பது ஐபிவி6 வழி பாதியில் அடைபட்டிருக்கும் நிலை. கணினிக்கு ஐபிவி6 முகவரியே இல்லையென்றால் சிக்கலில்லை. முகவரிகளை வரிசைப்படுத்தும்போதே அது பின்னுக்குப் போகும், அல்லது நெட்வொர்க் எட்டவில்லை என்ற பிழை உடனே வரும். முகவரியும் இருந்து, ரூட்டும் இருந்து, நடுவில் எங்கோ ஃபயர்வால் பாக்கெட்டைச் சத்தமில்லாமல் விழுங்கினால்தான் தொல்லை. இந்தியாவில் கைப்பேசி இணைப்புகளில் ஐபிவி6 பரவலாகிவிட்டது. அலுவலக, கல்லூரி வலைப்பின்னல்கள் பலவற்றில் அது அரைகுறையாகத் திறந்துவிடப்பட்டிருக்கும். பிரவுசரில் அதே தளம் உடனே திறக்கிறது, பைத்தான் ஸ்கிரிப்ட் மட்டும் 20 நொடி நின்றுவிட்டுப் போகிறது என்றால் பெரும்பாலும் காரணம் இதுதான்.

முதல் கோரிக்கை இதுதான். காத்திருக்கக்கூடிய ஒவ்வொரு சாக்கெட் அழைப்புக்கும் கெடு என்று ஓர் அளவுரு வேண்டும். அது எத்தனை நொடி என்ற கால அளவாக இல்லாமல், பின்னோக்கிப் போகாத டைம்.மோனோடானிக்() கடிகாரத்தில் ஒரு நேரப் புள்ளியாக இருக்க வேண்டும். அப்போதுதான் பெயரைத் தேடுவது, இணைப்பது, ஹேண்ட்ஷேக் செய்வது, கோரிக்கையை அனுப்புவது, பதிலைப் படிப்பது என்ற ஐந்து படிக்கும் ஒரே மாறியை அப்படியே கடத்த முடியும். கால அளவு என்றால் ஒவ்வொரு படிக்கு முன்பும் மீதமுள்ள நேரத்தைக் கழித்துப் பார்க்க வேண்டும், கழித்தது எதிர்ம எண்ணாகிவிட்டதா என்று சோதிக்க வேண்டும், சுழியாகிவிட்டால் சாக்கெட் காத்திராமல் உடனே திரும்பும் நான்-பிளாக்கிங் முறைக்குத் தாவிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். செட்டைம்அவுட்(0) என்பதன் பொருளே வேறு என்பதால் இந்த மூன்றாவது இடத்தில்தான் பெரும்பாலானோர் வழுக்கி விழுகிறார்கள். ஒரே நேரத்தில் பல வேலைகளைக் கவனிக்கும் பைத்தான் நூலகமான அசின்க்ஐஓ-வில் 3.11 முதல் டைம்அவுட்_அட்() இருக்கிறது. நேரப் புள்ளியாகக் கொடுப்பது பைத்தானுக்குப் புதிதல்ல.

உள்ளே மாற்ற வேண்டியதும் அதிகமில்லை. பெப் 475 (பெப் என்பது பைத்தானை மேம்படுத்தும் முன்மொழிவு) வந்தபோதே, சிக்னலால் குறுக்கிடப்பட்ட அழைப்பை மீண்டும் தொடங்குவதற்காக, சாக்கெட்மாட்யூல்.சி கோப்பு டைம்அவுட்டை ஒரு கெடுவாக மாற்றி, ஒவ்வொரு சுற்றிலும் மீதியைக் கணக்கிடத் தொடங்கிவிட்டது. அந்தக் கெடு அழைப்புக்குள்ளேயே பிறந்து அழைப்போடு மறைந்துபோகிறது. அதை வெளியிலிருந்து வாங்கிக்கொள்ள ஒரு வாசல் திறந்தால் போதும்.

ஆனால் ஒரு பொறி இருக்கிறது. இதைத் தொடக்கத்திலேயே தீர்மானித்துக்கொள்ளாவிட்டால் பின்னால் வலிக்கும். டைம்அவுட் இல்லாத பைத்தான் சாக்கெட்டின் ஃபைல் டிஸ்கிரிப்டர் (ஓஎஸ் அதற்குத் தரும் எண்) உண்மையிலேயே பிளாக்கிங் நிலையில், அதாவது வேலை முடியும்வரை காத்திருக்கும் நிலையில், இருக்கும். டைம்அவுட் வைத்த சாக்கெட்டோ உள்ளுக்குள் நான்-பிளாக்கிங். போல்() வழியாகக் காத்திருந்து, தயார் என்றதும் அழைக்கிறது. பிளாக்கிங் டிஸ்கிரிப்டரில் கெடுவோடு ரிசீவ்() அழைத்தால், போல்() தயார் என்று சொன்ன பிறகும் அழைப்பு தொங்கிவிடலாம். யுடிபி பாக்கெட் ஒன்று வந்து, செக்சம் தவறு என்று கர்னல் அதை எறிந்துவிட்டால் லினக்ஸில் இப்படி நடக்கும். இதைத் தவிர்க்க டிஸ்கிரிப்டரை நான்-பிளாக்கிங்காக மாற்றலாமே என்றால், அந்தக் கொடி (ஃபிளாக்) டூப்() செய்த பிரதிகளோடும் ஃபோர்க் ஆன குழந்தை புராசஸ்களோடும் பகிரப்படுகிறது; அங்கே வேறு யாருடைய நிரலோ உடையும். எங்கள் கருத்து: பிளாக்கிங் நிலையில் உள்ள சாக்கெட்டில் கெடு கொடுத்தால் வேல்யூஎர்ரர் எழுப்பிவிடுங்கள். கெடுவோடு கிரியேட்_கனெக்ஷன்() அழைத்தால் அது தரும் சாக்கெட் முதலிலிருந்தே நான்-பிளாக்கிங் டிஸ்கிரிப்டரோடு வரட்டும். கொஞ்சம் கறாரான விதிதான். ஆனால் யாருக்கும் தெரியாமல் எதையும் மாற்றாது.

கெடு ஏற்கெனவே கடந்துபோயிருந்தால் என்ன செய்வது என்பதையும் ஆவணத்தில் ஒரே வரியில் சொல்லிவிட வேண்டும். பஃபரில் தரவு வந்து கிடந்தால் அதைக் கொடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மட்டும் டைம்அவுட்எர்ரர் எழுப்ப வேண்டும் என்பது எங்கள் பரிந்துரை. வந்து சேர்ந்த பதிலை நேரமாகிவிட்டது என்று எறிவதால் யாருக்கும் பயனில்லை.

இனி பெயர் தேடுதல். கெட்அட்ரஸ்இன்ஃபோ()-வை நடுவில் நிறுத்த முடியாது என்பதை நாங்கள் அறிவோம். தனி த்ரெட்டில் (நிரலுக்குள் இணையாக ஓடும் இழை) ஓடவிட்டு, கெடு முடிந்ததும் அதைக் கைவிட்டுவிட்டு வரலாம். ஆனால் கைவிடப்பட்ட த்ரெட்டுகள் குவியும். டிஎன்எஸ் செத்திருக்கும் நேரத்தில்தான் மறுமுயற்சிகளும் அதிகமாக இருக்கும் என்பதால் குவியல் வேகமாக வளரும். அசின்க்ஐஓ இதே வேலையை இயல்பு த்ரெட்பூலில் செய்கிறது. அங்கே அதிகபட்சம் 32 த்ரெட். அத்தனையும் தொங்கும் தேடல்களால் நிரம்பிவிட்டால் கோப்புப் படிப்பது உட்பட அந்தப் பூலை நம்பியிருக்கும் எல்லாம் வரிசையில் நிற்கும். ஆகவே மாட்யூலுக்குள் த்ரெட் உருவாக்கச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. வேறொன்று கேட்கிறோம். கிரியேட்_கனெக்ஷன்() பெயருக்குப் பதிலாக ஏற்கெனவே தேடிவைத்த முகவரிப் பட்டியலையும் ஏற்றுக்கொள்ள வேண்டும், அதாவது கெட்அட்ரஸ்இன்ஃபோ() தரும் அதே வடிவத்தில். கெடு முக்கியமென்று நினைப்பவர் தனக்கு ஏற்ற ரிசால்வரைத் தனியே வைத்துக்கொள்வார், விடையைத் தேக்கியும் வைத்துக்கொள்வார். டிஎல்எஸ் சான்றிதழ் சோதனைக்கான சர்வர் பெயர் தனி அளவுருவாகவே போவதால் அங்கே எதுவும் கெடாது. இந்த வசதி வரும்வரை, கொடுக்கும் டைம்அவுட் பெயர் தேடும் நேரத்தைக் கட்டுப்படுத்தாது என்ற வாக்கியத்தை கிரியேட்_கனெக்ஷன்() ஆவணத்தின் முதல் பத்தியிலேயே சேருங்கள்.

முகவரிகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டும் முறை மாற வேண்டும் என்பது அடுத்தது. ஹேப்பி ஐபால்ஸ் என்ற முறை 2012-இல் ஆர்எஃப்சி 6555 என்ற இணையத் தர ஆவணமாகவும், 2017-இல் திருத்தப்பட்டு ஆர்எஃப்சி 8305 ஆகவும் வந்துவிட்டது. அசின்க்ஐஓ-வின் கிரியேட்_கனெக்ஷன்() 3.8-லேயே இதைப் பெற்றது. சாதாரண சாக்கெட் மாட்யூல் இன்னும் பழைய முறையிலேயே இருக்கிறது. செய்ய வேண்டியது இது: ஐபிவி6, ஐபிவி4 முகவரிகளை மாற்றி மாற்றி அடுக்க வேண்டும். முதல் முகவரிக்கு நான்-பிளாக்கிங் கனெக்ட் தொடங்கி 250 மில்லிநொடி காத்திருக்க வேண்டும். பதிலில்லையென்றால் அதை அப்படியே விட்டுவைத்து இரண்டாவதைத் தொடங்க வேண்டும். எது முதலில் எழுதத் தயாராகி, எஸ்ஓ_எர்ரர் சுழியாகவும் இருக்கிறதோ அதை வைத்துக்கொண்டு மற்றவற்றை மூட வேண்டும். ஒரு முகவரி உடனே மறுத்துவிட்டால் 250 மில்லிநொடி முடியும்வரை காத்திராமல் அப்போதே அடுத்ததற்குப் போக வேண்டும். மேலே சொன்ன எடுத்துக்காட்டில் 20 நொடி நின்ற இணைப்பு இப்போது கால் நொடிக்குச் சற்று மேல் ஆகும்.

இதைச் செயல்படுத்தும்போது இடறக்கூடிய இடங்கள் நான்கு. விண்டோஸில் சாக்கெட் தயாரா என்று பார்க்கும் செலக்ட்(), தோல்வியுற்ற கனெக்டை எழுதும் தொகுப்பில் காட்டாது, விதிவிலக்குத் தொகுப்பில்தான் காட்டும். செலக்டர்ஸ் மாட்யூல் இதை ஏற்கெனவே கவனித்துக்கொள்கிறது, நேரடியாக செலக்ட்() எழுதினால் மாட்டிக்கொள்வோம். லினக்ஸில் செலக்ட்()-ஐத் தொடவே கூடாது. 1024 அல்லது அதற்கு மேற்பட்ட எண்ணுள்ள டிஸ்கிரிப்டரை அது ஏற்காது, அதிக இணைப்பு வைத்திருக்கும் சர்வரில்தான் அப்படிப்பட்ட எண்கள் வரும். ஈபோல் என்றால் ஒவ்வோர் இணைப்பு முயற்சிக்கும் கூடுதலாக ஒரு டிஸ்கிரிப்டர் செலவு. இரண்டு மூன்று சாக்கெட்டுக்கு போல்() போதும். புறப்படும் முகவரியான சோர்ஸ்_அட்ரஸ் கொடுத்திருந்தால் அதன் குடும்பத்தோடு (ஐபிவி4 அல்லது ஐபிவி6) பொருந்தாத முகவரிகளை முன்கூட்டியே வடிகட்ட வேண்டும். இல்லையேல் பைண்ட்() பிழைகள் உண்மையான காரணத்தை மறைத்துவிடும். நான்காவது, தோற்ற சாக்கெட்டுகளை எக்செப்ஷன் வந்தாலும் கீபோர்ட்இன்டரப்ட் வந்தாலும் மூடியே ஆக வேண்டும். முதல் பதிப்பில் இது இயல்பாக அணைந்திருக்கட்டும், அசின்க்ஐஓ-வில் இருப்பதுபோலவே. சர்வர் பக்கத்தில் பாதியில் கைவிடப்பட்ட இணைப்புகள் பதிவாகும் என்பதால் யாரையும் கேட்காமல் இயக்கிவிடுவது சரியல்ல.

பெறும் பக்கத்துக்கு வருவோம். நிலையான நூலகத்தில் இருந்தே ஆக வேண்டிய ஒன்று, ஆனால் இல்லாதது, இத்தனை பைட் முழுதாக வேண்டும் என்று கேட்கும் ஓர் அழைப்பு. ரிசீவ்(4) என்றால் 4 பைட் வரை என்றுதான் பொருள். உள்ளூர் கணினியில் சோதிக்கும்போது எப்போதும் 4 வரும். வெளியே போனதும் ஒரு நாள் 3 வரும், பைட்டுகளை எண்ணாக்கும் ஸ்ட்ரக்ட்.அன்பேக் வெடிக்கும். அதைத் திருத்த ஒரு லூப் எழுதுவார்கள். எதிர்முனை மூடிவிட்டால் வெற்று பைட்ஸ் திரும்பும் என்பதை மறந்திருந்தால் அந்த லூப் ஒரு சிபியு கோரை 100 சதவீதம் தின்றுகொண்டு முடிவில்லாமல் சுற்றும். அதையும் திருத்திய பிறகு, வந்த துண்டுகளைப் பழைய பைட்ஸோடு கூட்டல் குறியால் ஒட்டிக்கொண்டே போவார்கள். ஒவ்வோர் ஒட்டும் முழுப் பிரதி, செய்தி பெரிதாகப் பெரிதாக நேரம் வர்க்கமாக ஏறும். இத்தனைக்கும் பிறகு அந்த லூப்பில் டைம்அவுட் விழுந்தால் அதுவரை படித்த பைட்டுகள் உள்ளூர் மாறியோடு தொலையும், சாக்கெட் செய்தியின் நடுவில் நிற்கும். இந்த நான்கு பிழைகளையும் எண்ணற்ற நூலகங்கள் தனித்தனியாகச் செய்து, தனித்தனியாகத் திருத்திக்கொண்டிருக்கின்றன.

கேட்டது முழுதும் வரும்வரை காத்திருக்கச் சொல்லும் எம்எஸ்ஜி_வெயிட்ஆல் கொடி இருக்கிறதே என்று கேட்கலாம். டைம்அவுட் வைத்த சாக்கெட் உள்ளுக்குள் நான்-பிளாக்கிங் என்று சொன்னோமே, அங்கே அந்தக் கொடிக்கு மதிப்பில்லை. இருப்பதைக் கொடுத்துவிட்டு அது திரும்பிவிடும். டைம்அவுட் இல்லாதபோது வேலை செய்யும், வைத்ததும் மௌனமாகக் குறைவாகத் தரும். இதைவிட ஆபத்தான இயல்பு ஒரு கொடிக்கு இருக்க முடியாது. சாக்கெட்டைக் கோப்புபோல் படிக்கவைக்கும் மேக்ஃபைல்() வழியாக ரீட்(4) செய்வது முழுதாகத் தரும்தான். ஆனால் ஒருமுறை டைம்அவுட் விழுந்துவிட்டால் அந்தக் கோப்புப் பொருளை அதன்பின் படிக்கவே முடியாது, ஒவ்வொரு முயற்சிக்கும் ஓஎஸ்எர்ரர் வரும். உள் பஃபரின் நிலை உறுதியில்லாததால் அப்படிச் செய்திருக்கிறார்கள். சரியான முடிவுதான், ஆனால் பயனருக்கு வழி அடைபட்டுப்போகிறது.

ஆகவே ரிசீவ்_எக்ஸாக்ட்லி_இன்டு() என்று ஒன்று வேண்டும். பஃபரை அழைப்பவரே கொடுக்க வேண்டும். உள்ளே மெமரிவியூவை (பஃபரைப் பிரதியெடுக்காமல் காட்டும் பொருள்) நகர்த்தி நகர்த்தி ரிசீவ்_இன்டு() செய்ய வேண்டும். கெடு மொத்தத்துக்கும் ஒன்று. எதிர்முனை பாதியில் மூடினால் அசின்க்ஐஓ-வின் இன்கம்ப்ளீட்ரீட்எர்ரர் போல, எத்தனை வந்தது, எத்தனை வர வேண்டியது என்று சொல்லும் எக்செப்ஷன். கெடு முடிந்தால் டைம்அவுட்எர்ரர், அதிலும் வந்த பைட்டுகளின் எண்ணிக்கை இருக்க வேண்டும். பஃபர் அழைப்பவர் கையில் இருப்பதால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

பஃபரை அழைப்பவரே தர வேண்டும் என்று வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. 4 பைட் நீளத் தலைப்பில் 4,294,967,295 வரை எண் வரலாம். தலைப்பில் வந்த எண்ணை அப்படியே ரிசீவ்()-க்குக் கொடுத்தால் சிபைத்தான் முதலில் அத்தனை பெரிய பைட்ஸ் பொருளை ஒதுக்கிவிட்டு, வந்த பிறகுதான் சுருக்குகிறது. நான்கு பைட் அனுப்பிய யாரோ ஒருவர் உங்கள் சர்வரை 4 ஜிகாபைட் ஒதுக்கவைக்க முடிகிறது. பஃபரைத் தானே உருவாக்க வேண்டும் என்ற நிலை வந்தால், அதிகபட்சம் எவ்வளவு ஏற்பேன் என்ற கேள்வியை நிரல் எழுதுபவர் அந்த வரியிலேயே கேட்டுக்கொள்வார். ஆவணத்தில் தரும் எடுத்துக்காட்டிலும் அந்த வரம்புச் சோதனை இருக்க வேண்டும். மக்கள் எடுத்துக்காட்டைத்தான் படியெடுக்கிறார்கள்.

அனுப்பும் பக்கத்திலும் இதே எண்ணிக்கை வேண்டும். சென்ட்ஆல்() தோற்றால் எவ்வளவு போனது என்று அறிய வழியில்லை என்று ஆவணமே சொல்கிறது. பிளாக்கிங்ஐஓஎர்ரர் எக்செப்ஷனில் கேரக்டர்ஸ்_ரிட்டன் என்ற பண்பு ஏற்கெனவே இருக்கிறது, அந்த மாதிரியிலேயே டைம்அவுட்எர்ரரிலும் ஒன்று சேர்க்கலாம். அது கர்னல் பஃபருக்குள் போன பைட்டுகளின் எண்ணிக்கை மட்டுமே, எதிர்முனைக்குக் கிடைத்ததற்குச் சான்றல்ல என்பதைத் தெளிவாக எழுத வேண்டும். இல்லாவிட்டால் அதை நம்பிப் பணப் பரிமாற்றத்தை மறுமுறை அனுப்பாமல் விட்டுவிடுவார்கள்.

பிழைச் செய்திகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எர்ர்நோ 111, இணைப்பு மறுக்கப்பட்டது. யாரால்? எந்த முகவரியில், எந்த போர்ட்டில்? சாக்கெட் மாட்யூல் சொல்லாது. பத்து சேவைகளோடு பேசும் ஒரு நிரலின் பதிவில் இந்த ஒற்றை வரியைப் பார்ப்பவருக்கு அது எதையும் உணர்த்தாது. அசின்க்ஐஓ-வில் அதே பிழை முகவரியையும் சேர்த்தே வருகிறது. பெப் 678 தந்த ஆட்_நோட்() போதாது, ஏனென்றால் அது டிரேஸ்பேக்கில்தான் தெரியும், எக்செப்ஷனை ஸ்ட்ரிங்காக்கிப் பதிவு செய்யும்போது காணாமல்போகும். கிரியேட்_கனெக்ஷன்() அளவிலாவது முகவரி செய்தியின் உடம்பிலேயே வரட்டும். கனெக்ட்_இஎக்ஸ்()-இன் விந்தையும் இங்கே சேரும். டைம்அவுட் வைத்த சாக்கெட்டில் நேரம் முடிந்தால் அது லினக்ஸில் இடைம்டுஅவுட் என்ற 110-ஐத் தருவதில்லை, ஈஅகெய்ன் என்ற 11-ஐத் தருகிறது. போர்ட் ஸ்கேனர் எழுதுபவர்கள் எல்லோரும் இதில் குழம்புகிறார்கள். மதிப்பை மாற்றினால் பழைய நிரல்கள் உடையலாம் என்பதால் மாற்றச் சொல்லவில்லை. ஆவணத்தில் ஒரு வாக்கியம் போதும்.

காத்திருப்பின் இன்னொரு முகம், எதிர்முனை செத்துப்போன பிறகும் திறந்தே இருக்கும் இணைப்பு. எதிர்முனை உயிரோடு இருக்கிறதா என்று சோதிக்கும் எஸ்ஓ_கீப்அலைவ் போட்டுவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்கள் லினக்ஸின் இயல்பு எண்களைப் பார்ப்பதில்லை: முதல் சோதனை 7200 நொடி கழித்து, பிறகு 75 நொடி இடைவெளியில் 9 முறை. மொத்தம் 2 மணி 11 நிமிடம் 15 நொடி. முகவரியை மாற்றித் தரும் பல நேட் கருவிகளும் ஃபயர்வால்களும் அதற்கு வெகு முன்பே இணைப்பை மறந்துவிடும். எண்களை மாற்ற வேண்டுமென்றால் லினக்ஸில் டிசிபி_கீப்ஐடில், மேக்கில் அதே வேலைக்கு டிசிபி_கீப்அலைவ், அதுவும் பைத்தானில் 3.10-இல்தான் வந்தது, விண்டோஸில் பதிப்பைப் பொறுத்து மாறும். செட்_கீப்அலைவ்() என்ற சிறு மெத்தட், தொடக்க நேரம், இடைவெளி, எண்ணிக்கை என மூன்று அளவுருக்களோடு இருந்தால் இந்தச் சில்லறை வேறுபாடுகள் ஓரிடத்தில் அடங்கும். அனுப்பிய தரவுக்கு ஒப்புகை வராமல் நிற்கும்போது கீப்அலைவ் ஓடாது என்பதையும் அதன் ஆவணத்தில் எழுத வேண்டும். அப்போது லினக்ஸின் மறு அனுப்பல் கணக்கு நடைமுறைக்கு வந்து இயல்பாகக் கால் மணி நேரத்துக்கு மேல் இழுக்கும். அதைக் குறைக்க 3.6-இல் சேர்ந்த டிசிபி_யூசர்_டைம்அவுட்-ஐ மில்லிநொடியில் தர வேண்டும். நொடி என்று நினைத்து 30 கொடுத்தவர்களின் இணைப்புகள் கண்ணிமைக்கும் முன் அறுகின்றன.

சர்வர் பக்கத்தில் இரண்டு விஷயங்கள், சுருக்கமாக. லிசன் செய்யும் சாக்கெட்டுக்கு வைத்த டைம்அவுட் அக்செப்ட்() தரும் புதிய சாக்கெட்டுக்குப் போவதில்லை. சாக்கெட்சர்வரின் ஸ்ட்ரீம்ரிக்வெஸ்ட்ஹேண்ட்லரிலும் டைம்அவுட் இயல்பாக நன் (எதுவுமில்லை). ஒவ்வொரு கிளையண்டுக்கும் ஒரு த்ரெட் தரும் த்ரெட்டிங்மிக்ஸ்இன் சேர்த்தால், பேசாமல் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு கிளையண்டும் ஒரு த்ரெட்டை நிரந்தரமாகப் பிடித்துக்கொள்ளும். ஆவணத்தின் எடுத்துக்காட்டுகளில் டைம்அவுட் ஒரு வரியாக இருக்க வேண்டும். மற்றது, ஏற்கப்படக் காத்திருக்கும் இணைப்புகளின் வரிசை அளவான டிசிபிசர்வரின் ரிக்வெஸ்ட்_க்யூ_சைஸ் இன்னும் 5-ஆகவே இருக்கிறது. சாக்கெட்டின் லிசன்() தானாக எடுத்துக்கொள்வது 128 வரை, அசின்க்ஐஓ 100. இந்த 5-ஐ உயர்த்தினால் யாருடைய நிரலும் உடையப்போவதில்லை.

மூடுவதற்கும் கெடு தேவைப்படுகிறது. பெறும் பஃபரில் படிக்காத தரவு கிடக்கும்போது குளோஸ்() செய்தால் கர்னல் ஒழுங்காக முடிக்கும் எஃப்ஐஎன் அனுப்பாமல், உடனே அறுக்கும் ஆர்எஸ்டி அனுப்பிவிடும். நாம் கடைசியாக அனுப்பிய பதில் எதிர்முனைக்குப் படிக்கக் கிடைக்காமலே போகலாம். 413 (அளவு மிகப் பெரிது) என்று பதில் சொல்லிவிட்டுப் பெரிய பதிவேற்றத்தைத் துண்டிக்கும் சர்வர்களில் கிளையண்டுக்கு அந்த 413 தெரியாமல் வெறும் இணைப்பு அறுந்த பிழை மட்டும் தெரிவது இதனால்தான். சரியான முறை: எழுதும் பக்கத்தை ஷட்டவுன்() செய்து, வெற்று பைட்ஸ் வரும்வரை படித்து எறிந்து, பிறகு மூடுவது. படித்து எறிவதற்கும் ஒரு கெடு இல்லாவிட்டால் அதுவே இன்னொரு தொங்கும் இடமாகிவிடும்.

நாங்கள் கேட்காதவற்றையும் சொல்லிவிடுகிறோம். டைம்அவுட் இல்லாத இயல்பு நிலையை மாற்ற வேண்டாம். செட்டிஃபால்ட்டைம்அவுட்() பொதுவானது, ஒரு நூலகம் தொட்டால் மற்ற நூலகங்கள் பாதிக்கும், அதை மேலும் வலுப்படுத்த வேண்டாம். ரிசீவ்()-இன் பொருளையோ சென்ட்ஆல்()-இன் பொருளையோ மாற்ற வேண்டாம். சாக்கெட் மாட்யூல் பிஎஸ்டி அழைப்புகளின் மேல் ஒரு மெல்லிய உறை என்பதே அதன் பலம். மறுமுயற்சி, இணைப்புக் குளம், புரோட்டோகால் எல்லாம் மேலே இருக்கட்டும்.

வரிசையையும் முன்மொழிகிறோம். ஆவணத் திருத்தங்களைப் பராமரிப்பில் உள்ள பதிப்புகளுக்கும் கொண்டுபோகலாம், அவை முதலில். ரிசீவ்_எக்ஸாக்ட்லி_இன்டு(), எக்செப்ஷனில் எண்ணிக்கை, பிழையில் முகவரி, செட்_கீப்அலைவ்() ஆகியவை ஒன்றையொன்று சாராதவை. தனித்தனி மாற்றங்களாக அடுத்த பதிப்பின் முதல் பீட்டாவுக்கு முன் சேரலாம். முதல் சுற்றில் அவற்றுக்குக் கெடு அளவுரு இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கெடு என்பது எஸ்எஸ்எல் மாட்யூலையும் தொடுவதால் அதற்குத் தனி பெப் வேண்டும். ஹேப்பி ஐபால்ஸ் அதற்குப் பிறகு.

சோதனைகளை வெளி வலைப்பின்னல் இல்லாமலே எழுத முடியும். சொட்டுச் சொட்டாக அனுப்பும் எதிர்முனைக்கு சாக்கெட்பேர்() ஒன்றும் ஒரு த்ரெட்டும் போதும். பதில் தராத முகவரிக்கு, லினக்ஸில் லூப்பேக்கில் பேக்லாக் (வரிசை நீளம்) மிகச் சிறிதாக லிசன் செய்து, அக்செப்ட்() செய்யாமல் வரிசையை நிரப்பிவிட்டால் அடுத்த கனெக்ட் தொங்கும். மேக்கிலும் விண்டோஸிலும் வரிசை நிரம்பினால் நடப்பது வேறாக இருக்கலாம் என்பதால் இந்தச் சோதனை லினக்ஸுக்கு மட்டும். ஹேப்பி ஐபால்ஸ் வரிசையைச் சரிபார்க்க முகவரிப் பட்டியலை நேரடியாகக் கொடுக்கும் வசதியே போதுமானது. அதையும் முன்னதாகவே சேர்க்கச் சொல்ல இது இன்னொரு காரணம்.

நிரலும் சோதனைகளும் ஆவணமும் எழுதித்தர நாங்கள் தயாராக இருக்கிறோம். தொடங்குவதற்கு முன் உங்களிடமிருந்து ஒரே ஒரு முடிவு தேவை: கெடு நேரப் புள்ளியாக இருக்கலாமா, அல்லது மாட்யூலின் பழைய பழக்கத்தை ஒட்டிக் கால அளவாகத்தான் இருக்க வேண்டுமா. மற்ற எல்லா அழைப்புகளின் வடிவமும் இந்த விடையைப் பொறுத்தே அமையும்.

அன்புடன்,
பைத்தானில் வலைப்பின்னல் நிரல்கள் எழுதியும் பராமரித்தும் வரும் சிலர்